இரண்டாம் கசப்பு

காய்ச்சல் இறங்கிவிட்டது. இறங்கும்போது அவளுடைய நாக்கையும் மூக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது என்பது அவளுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

படுக்கையை விட்டெழுந்து, வெந்நீரில் குளித்து, பல நாள் கழித்து அடுப்படியில் நின்று சமைத்த முதல் மதியம் அது. மாமனார் ஒரு வாய் வைத்தார். தட்டை அப்படியே தள்ளினார்.

"உப்பு," என்றார்.

அவர் தட்டைத் தள்ளாத நாள்தான் அந்த வீட்டில் விசேஷம். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி கொஞ்சம் பிந்தினாலும் ஓட்டுநரை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட மனிதர், வீட்டோடு வந்தபிறகு அந்தக் கண்டிப்பு முழுவதையும் சாப்பாட்டின் மேல் திருப்பிவிட்டார். பால் முந்தாநாள் வாங்கியது என்பார். வெங்காயம் நறுக்கிய கத்தியைக் கழுவாமல் பழம் நறுக்கியிருக்கிறாய் என்பார். சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அதுதான் கூடுதல் எரிச்சல். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ஜட்ஜ்' என்று பெயர். வைத்தது அவருடைய சொந்த மகன்.

ஆகவே அவள் கண்டுகொள்ளாமல் தன் தட்டில் கை வைத்தாள். ஆனால் கணவனும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். தட்டில் என்ன விழுந்தது என்றே பார்க்காமல் சாப்பிட்டு முடிக்கிற ரகம். அவனே தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "ரெண்டு தடவை போட்டுட்டியோ?" என்று மெதுவாகக் கேட்டான்.

உண்மையில் அதற்கு மேலேயே போட்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் போதவில்லை என்று தோன்றியிருந்தது.

அடுப்படிக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைத்தாள். மணல் போல நறநறத்தது, கரைந்தது, அவ்வளவுதான். எலுமிச்சையைப் பிழிந்து பார்த்தாள். காப்பிப் பொடியை வாயில் போட்டாள். கடைசியில் மிச்சமிருந்த காய்ச்சல் மாத்திரையைக் கடித்து மென்றாள். சுண்ணாம்புக்கட்டியைக் கடித்ததுபோல் இருந்தது. சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள்.

வேறு ஒருத்தியாக இருந்தால், சாப்பாடு ருசிக்கவில்லையே என்ற வருத்தத்தோடு போயிருக்கும். இவளுக்கோ பிழைப்பே கசப்பைக் கண்டுபிடிப்பதுதான்.

*

கல்லூரியிலிருந்தே அவளைச் 'சொட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். சோதனைக்கூடத்தில் மற்றவர்கள் கண்ணாடிக் குழாயைத் திறந்துவிட்டு அரட்டையடிக்க, இவள் மட்டும் கடைசிச் சொட்டு விழும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெயரை வைத்த தோழிதான் இப்போது அவளுக்கு முதலாளி. ஊருக்கு வெளியே தகரக் கூரைப் பட்டறைகள் வரிசையாக நிற்கும் தெருவில், ஒரு பக்கம் லேத்து, மறுபக்கம் அட்டைப்பெட்டி செய்யும் இடம், நடுவில் இவர்களுடைய தொழிற்சாலை. தொழிற்சாலை என்பது பெரிய வார்த்தை. ஒரு நீளமான கூடம், ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குள் மேசை, பின்னால் இலை உலர்த்தும் கொட்டகை.

அங்கே சீனித்துளசி இலையிலிருந்து இனிப்பை எடுத்தார்கள். அந்த இலையில் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டால் சர்க்கரை தோற்றுப்போகும். ஆனால் இனிப்பு போனபிறகு தொண்டையில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். இலையை வெந்நீரில் ஊறவைத்தால் கிடைப்பது கறுத்த கஷாயம். அதில் இனிப்பும் இருக்கும், கசப்பும் இருக்கும், கோந்தும் சாயமும் உப்பும் எல்லாம் ஒரே கூட்டமாக இருக்கும். அந்தக் கூட்டத்திலிருந்து இனிப்பை மட்டும் தனியே கூப்பிட்டெடுப்பதுதான் சொட்டுவின் வேலை.

அதற்கு இரண்டு சவ்வுகள். பாய் போலச் சுருட்டி, ஆள் உயரக் குழாய்களுக்குள் செருகியிருக்கும். முதல் சவ்வின் துளைகள் கொஞ்சம் பெரியவை: இனிப்பு நுழைந்து போகும், கோந்தும் கறுப்புச் சாயமும் நுழைய முடியாமல் தங்கிவிடும். இரண்டாம் சவ்வின் துளைகள் மிகச் சிறியவை: அங்கே இனிப்பு தங்கிவிடும், தண்ணீரும் உப்பும் கசப்பும் கசிந்து வெளியே போகும். மேலே மேலே நல்ல தண்ணீர் ஊற்றி ஓட்டினால், போகவேண்டியதெல்லாம் போய் இனிப்பு மட்டும் மிஞ்சும். தாளில் வரைந்து பார்த்தால் அவ்வளவு சுலபம்.

சர்க்கரை குறைந்த பிஸ்கட் போட நினைத்த ஒரு பெரிய கம்பெனி தானாகத் தேடிவந்து கேட்டிருந்தது. பின்கசப்பு இருக்கக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. அனுப்பிய மாதிரி ஏற்கெனவே திரும்பி வந்திருந்தது. இன்னொரு முறை அனுப்பலாம், அதோடு சரி என்று சொல்லியிருந்தார்கள். அந்த இன்னொரு முறைக்காகச் சொட்டு தலைகீழாக நின்றுகொண்டிருந்த சமயத்தில்தான் காய்ச்சல் வந்தது.

மருத்துவர் பார்த்தார். நரம்பு சமாச்சாரம், திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம், பொறுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார். அவள் நேராகத் தொழிற்சாலைக்குப் போய் முதலாளியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கு நாக்கு போயிடுச்சு," என்றாள்.

"நல்லாப் பேசறியேடி."

"பேச்சு வருது. ருசி வரல. உப்பு, புளிப்பு, கசப்பு, எதுவும் தெரியல. வாசனையும் கிடையாது."

முதலாளி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள். அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. ஆனால் கூடத்தில் வேலை செய்யும் அத்தனை பேரின் பாடும் அவள் தலையில் இருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள்:

"நீ தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்த ஒரு வேலை முடியற வரைக்கும் வேற யாரையாவது பார்க்கட்டுமா?"

"தப்பா எடுத்துக்கல. ஆனா பார்க்க வேண்டாம்." சொட்டுவின் குரல் உயரவில்லை. "கசப்பு இருக்கா இல்லையான்னு சொல்றதுதான் நாக்கோட வேலை. அது எதனால வருது, எப்படி வெளிய தள்றதுங்கறது மூளை வேலை. மூளை என்கிட்டப் பத்திரமா இருக்கு. நாக்கை மட்டும் வெளியிலேர்ந்து எடுத்துக்கறேன்."

"அதென்ன, வாடகைக்குக் கிடைக்குமா?"

"எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. நாள் முழுக்கச் சும்மாதான் கிடக்கு."

*

மாமனாரிடம் கேட்பதற்கு முன் அவள் கையருகே இருந்த நாக்குகளை முயன்று பார்க்காமல் இல்லை. முதலாளி நாளெல்லாம் புதினா மிட்டாய் சப்புகிறவள்; அவளுக்கு எல்லாக் கோப்பையும் புதினாவாக இருந்தது. இயந்திரத்தைக் கவனிக்கும் ஃபிட்டர், கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடித்தே நாக்கைத் தோலாக்கி வைத்திருந்தான். எதைக் கொடுத்தாலும் "சூப்பர் மேடம்" என்றான்.

அன்று மாலை வீட்டுக் கூடத்தில் மாமனார் தொலைக்காட்சிச் செய்தியின் கடிகாரத்தோடு தன் கைக்கடிகாரத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு உதவி வேணும்," என்று தொடங்கி விஷயத்தைச் சொன்னாள்.

அவர் முழுவதும் கேட்டார். "வீட்டுல குறை சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கற. அங்க வந்து சொன்னாப் பரவாயில்லையா?"

"அங்க குறை சொன்னாத்தான் மாமா வேலையே நடக்கும்."

"குறை மட்டும் சொன்னாப் போதுமா?"

"போதும்."

அவர் மறுபடி கடிகாரத்தின் பக்கம் திரும்பிவிட்டார். ஆனால் மறுநாள் காலை அவள் கிளம்பி வாசலுக்கு வந்தபோது, முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, அவளுக்கு முன்னால் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "இதுதான் நீ கிளம்பற நேரமா?" என்றார்.

தொழிற்சாலையில் அவருக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினாள். சவ்வுக் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சல்லடைதானே?" என்று கேட்டார்.

"சல்லடை மாதிரிதான். ஆனா சல்லடையில மேலேர்ந்து கொட்டுவோம், அடைச்சுக்கும். இதுல கஷாயம் சவ்வோட முதுகை உரசிக்கிட்டே ஓடும். ஓடற ஓட்டத்துல சின்னது மட்டும் பக்கவாட்டுல நழுவிப் போயிடும்."

"டிப்போ வாசல்ல பஸ் மெதுவாப் போறப்பவே குதிச்சு இறங்கறவன் மாதிரி."

"அதேதான்," என்றாள் சொட்டு. கூடவே சிரிப்பும் வந்தது. காய்ச்சலுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

கண்ணாடித் தடுப்புக்குள் மேசை போட்டு, சின்னச் சின்னக் கோப்பைகளை வரிசையாக வைத்தாள். இயந்திரம் ஓட ஓட நேரத்துக்கு நேரம் எடுத்த மாதிரிகள். கருவியில் பார்த்து எல்லாவற்றையும் ஒரே அடர்த்திக்கு நீர் கலந்து, எது எப்போது எடுத்தது என்று அவருக்குத் தெரியாதபடி இடம் மாற்றி வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாய் கொப்பளிக்க வெந்நீர்.

மாமனார் ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். விழுங்கினார். "கசப்பு," என்றார். அடுத்தது. "கசப்பு." அதற்கடுத்தது. "இதுவும்தான்." எல்லாவற்றையும் முடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டார்.

இது நடக்காது என்று சொட்டுவுக்குப் புரிந்தது. எல்லாமே கசப்பு என்றால் எதற்கும் அர்த்தமில்லை. எது கூட, எது குறைவு, எப்போது வருகிறது, எப்போது போகிறது, எல்லாம் வேண்டும். அவர் உண்மையிலேயே ருசித்துச் சொல்கிறாரா, வழக்கப்படி வாயில் வந்ததைச் சொல்கிறாரா என்பதும் தெரிய வேண்டும். மறுநாள் வரிசைக்குள் ஒரு கோப்பை வெறும் சர்க்கரைத் தண்ணீரும், ஒரு கோப்பை வெறும் தண்ணீரும் சேர்த்து வைத்தாள்.

சர்க்கரைத் தண்ணீரை வாயில் வைத்தவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கீழே வைத்தார். வெறும் தண்ணீர் வந்தபோது அதையும் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னைச் சோதிச்சுப் பார்க்கறியா?"

"மாமா, அது வந்து..."

"வான்னு கூப்பிட்டது நீ. நான் கேட்டு வரல. பொய் சொல்றேனான்னு பார்க்கறதுக்கா கூட்டிட்டு வந்த?"

ஃபிட்டர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு நட்டைத் துடைக்கத் தொடங்கினான். மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

*

அன்று சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் பேச்சில்லாமல் சாப்பிட்டார்கள். கணவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே கடை முழுக்கத் தேடிய கதையைச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனான்.

"மாமா," என்றாள் சொட்டு. "உடம்பு நல்லா இருந்தப்ப நானும் அப்படித்தான் குடிச்சேன். எது எதுன்னு தெரியாம, நடுவுல வெறும் தண்ணி வச்சுத்தான். என் நாக்கையும் நான் நம்பினதில்ல. நேத்து நீங்க எல்லாத்தையும் கசப்புன்னு சொன்னீங்க. அப்புறம் நான் வேற என்ன செய்யறது? முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாம வச்சது தப்பு. ஆனா நாளைக்கும் வைப்பேன்."

மாமனார் அவள் தட்டைப் பார்த்தார். அவள் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து, மருந்து விழுங்குவதுபோல் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அது எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"எது?"

"வாயில போடறியே, அது."

யாரும் அதுவரை அப்படிக் கேட்கவில்லை. மருத்துவர்கூட, தெரிகிறதா தெரியவில்லையா என்றுதான் கேட்டார். அவள் யோசித்துச் சொன்னாள். "நனைஞ்ச காகிதம். சில சமயம் சூடான நனைஞ்ச காகிதம்."

அவருக்கு அது எங்கேயோ போய்த் தைத்திருக்க வேண்டும். அடுத்த வேளைச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டே ஒரு வேளையைச் சாப்பிடுகிற மனிதர்.  பிறகு ஒரு கவளம் எடுத்து மென்றார்.

"கீரை இளசு," என்றார். "முதல்ல பூண்டு வருது. அது போனப்புறம் பின்னாடியே லேசா ஒரு இனிப்பு. வெங்காயத்தை நல்லா வதக்கியிருக்க, அதோட இனிப்பு அது. உப்பு ஒரு கல்லு கம்மி. முட்டைக்கு மிளகு பத்தல." இன்னொரு கவளம். "தயிர் புளிக்கல. நாளைக்கு மத்தியானம் சரியா இருக்கும்."

வழக்கமான குறைதான். ஆனால் அவர் அதை அவளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார், மெதுவாக, ஒவ்வொன்றாக. சொட்டு அவர் சொல்கிற வரிசையிலேயே மென்றாள். ருசி வரவில்லை. ஆனால் தட்டு காலியாயிற்று.

கை கழுவும்போது அவர் சொன்னார்: "நாளைக்குத் தண்ணி வைக்கறதா இருந்தா, காய்ச்சி ஆறின தண்ணி வை. இன்னிக்கு வச்சது பிளாஸ்டிக் குழாய் நாத்தம்."

*

அதன்பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. சொட்டு முதலில் அவருக்கு ஓர் அளவுகோல் செய்து கொடுத்தாள். இலையின் கசப்பை மட்டும் தனியே எடுத்து, இவ்வளவு போட்டால் இது ஒன்று, இவ்வளவு போட்டால் இது இரண்டு என்று பழக்கினாள். டிப்போக்காரருக்கு எண்கள் என்றால் கொண்டாட்டம். "இது மூணுக்கும் நாலுக்கும் நடுவுல, நாலுக்குப் பக்கம்," என்று சொல்ல ஆரம்பித்தார். ஏமாற்றுக் கோப்பை வந்தால் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு மேலே போனார்.

ஒருநாள், "இதுல ரெண்டு கசப்பு இருக்கு," என்றார்.

"எப்படி ரெண்டு?"

"ஒண்ணு விருந்தாளி. வாயில வச்சதும் வரும், விழுங்கினதும் போயிடும். இன்னொண்ணு நீ முழுங்கினப்புறம்தான் வரும். வந்தா வாடகை குடுக்காம அங்கயே குடித்தனம் நடத்தும். முதலாவது கோப்பைக்குக் கோப்பை வேற வேற அளவு. ரெண்டாவது பாதிக் கோப்பையில வேற வேற, மீதிப் பாதியில அச்சு மாதிரி ஒரே அளவு."

சொட்டு அன்றைய கோப்பைகளை, எடுத்த நேரத்தின்படி மறுபடி வரிசைப்படுத்தினாள். அவர் சொன்னதற்கு அப்போது அர்த்தம் தெரிந்தது. நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவக் கழுவ, இரண்டாம் கசப்பு படிப்படியாக இறங்குகிறது. ஓட்டத்தின் நடுவில் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் உப்பை அளக்கும் மீட்டர், கடைசிவரை உப்பு வெளியேறிக்கொண்டே இருப்பதாகக் காட்டியிருந்தது. அந்த மீட்டரை நம்பித்தான் அவள் இத்தனை நாளும், கழுவல் சரியாக நடக்கிறது, குறை வேறெங்கோ இருக்கிறது என்று இலையையும் தண்ணீரையும் மாற்றிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் அதையே யோசித்தாள். குளிக்கும்போது யோசித்து, ஏற்கெனவே சோப்புப் போட்ட கைக்கு மறுபடி சோப்புப் போட்டாள். உப்பு போகிறது, கசப்பு போகவில்லை. கசப்பின் துகள் உப்பைவிடப் பெரியது, இனிப்பைவிடச் சிறியது. தொடக்கத்தில் அது நுழைந்த துளையில் பாதியில் நுழைய முடியவில்லை என்றால், துளை குறுகிவிட்டது என்று பொருள். உப்புக்கு மட்டும் இடம் விட்டுக் குறுகியிருக்கிறது.

"ஓட்டத்துக்கு நடுவுல நீங்க ஏதாவது மாத்தறீங்களா?" என்று ஃபிட்டரிடம் கேட்டாள்.

"நானா? ஒண்ணும் மாத்தறதில்ல மேடம்." பிறகு தலையைச் சொறிந்தான். "சவ்வுலேர்ந்து வெளிய வர்ற தண்ணி வரத்து குறைஞ்சா அழுத்தத்தைக் கூட்டுவேன். அது நீங்க சொன்னதுதானே. வரத்து குறையக்கூடாதுன்னு."

சொன்னது அவள்தான். ஒருநாளும் அதை மறுபடி யோசிக்கவில்லை.

கழற்றிப் போட்ட பழைய சவ்வுச் சுருள் ஒன்று கொட்டகையில் கிடந்தது. இருவருமாக அதை மேசைமேல் கிடத்தி நீளவாக்கில் அறுத்தார்கள். பாயை விரிப்பதுபோல் விரித்தபோது, வெள்ளையாக இருக்கவேண்டிய தாளின் மேல் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம். விரல் நகத்தால் சுரண்டினாள். தோல்போல் உரிந்து வந்தது.

"பாலாடை மாதிரி இருக்கு," என்றார் எட்டிப் பார்த்த மாமனார்.

"முதல் சவ்வுல தப்பிச்ச கோந்து மாமா. கொஞ்சம் கொஞ்சமா வந்து இங்க படியுது. படிஞ்சதும் வரத்து குறையுது. வரத்து குறையுதேன்னு நாம அழுத்தறோம். அழுத்த அழுத்த இது இறுகிப்போய் சவ்வு மேல இன்னொரு சவ்வு ஆயிடுது." அவள் விரலிலிருந்த படலத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உப்பை விடுது. கசப்பை விடமாட்டேங்குது. கசப்பை உள்ள வச்சுக் கதவைச் சாத்தினது நாமதான்."

ஃபிட்டர் குழாயைப் பார்த்து, "மன்னிச்சுக்கடா," என்றான். அவனுக்கு இயந்திரத்தோடு பேசும் பழக்கம் உண்டு.

*

செய்யவேண்டியது என்ன என்பது அன்றே தெளிவாகிவிட்டது. இலையைக் கொதிநீரில் போடாமல் வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்க வேண்டும். கோந்து குறைவாக இறங்கும். இரண்டாம் சவ்வில் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, கஷாயம் ஓடும் வேகத்தைக் கூட்ட வேண்டும். படிய நினைப்பதை ஓட்டமே துடைத்துக்கொண்டு போகும். இடையிடையே நிறுத்தி நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும். வரத்து குறைந்தால் குறையட்டும், யாரும் வால்வைத் தொடக்கூடாது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று முதலாளி கேட்டாள்.

"இப்ப ஆகறதைப்போல ரெண்டு பங்கு. கூடவும் ஆகலாம்."

"சொட்டு, கம்பெனிக்காரங்க இந்த வாரக் கடைசிக்குள்ள கேக்கறாங்க. கையில இருக்கறதை இன்னும் கொஞ்சம் கழுவி அனுப்பிடலாமே. முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலைன்னு உங்க மாமாவே சொல்றாரு."

"கையில இருக்கறதை எத்தனை தடவை கழுவினாலும் அது போகாது. அது தெரிஞ்சே அனுப்பறதுக்கு அனுப்பாம இருக்கலாம்."

"நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா?"

"போச்சுன்னா போச்சு. அப்ப நீ வேற ஆளைப் பாரு, நானே ஆள் தேடித் தர்றேன். ஆனா இந்த ஓட்டம் ஒண்ணை எனக்குக் குடு."

முதலாளி மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். "குடுத்துத் தொலைக்கறேன்," என்றாள். "நீ ஒண்ணைப் பிடிச்சா விடவா போற."

முதல் ஓட்டம் பாதியில் கெட்டது. வேகத்தைக் கூட்டியதில் பம்பின் ரப்பர் வாயடைப்பு பிய்த்துக்கொண்டு, கஷாயம் கூடமெங்கும் ஓடி, ஃபிட்டர் இடுப்புவரை பழுப்பாகி நின்றான். தேன் கண்டதுபோல் எறும்புகள் சுவரோரம் அணிவகுத்தன. சொட்டு துடைப்பத்தை எடுத்தாள். மாமனார் முழுக்கால் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வாளியைத் தூக்கினார். முதலாளியும் வந்து குனிந்தாள். தரையைக் கழுவி முடித்ததும் சொட்டு, "புது வாயடைப்பு எங்க கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டாள். பக்கத்து லேத்துப் பட்டறைக்காரர் தன்னிடமிருந்த தடித்த ரப்பரை அளவாகக் கடைந்து கொடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் மறுபடி இலை ஊறியது. இந்த முறை பம்பு நின்று நிதானமாக ஓடியது. வெளியேறும் குழாயிலிருந்து தண்ணீர் நூல்போல விழுந்தது. மத்தியானத்துக்குப் பிறகு நூலும் இளைத்தது. ஃபிட்டரின் கை தன்னையறியாமல் வால்வுக்குப் போயிற்று.

"கை," என்றாள் சொட்டு.

"தொடல மேடம். சும்மா பக்கத்துல வச்சுக்கிட்டேன்."

"பாக்கெட்டுல வச்சுக்குங்க."

அவன் அப்படியே வைத்துக்கொண்டான். இடையிடையே நிறுத்தி அலசினார்கள். அலசும் ஒவ்வொரு தடவையும் நூல் மறுபடி தடித்தது. அழுத்தத்தைக் கூட்டாமலே தடித்தது என்பதை அவள் குறித்துக்கொண்டாள்.  மாதிரி எடுப்பதும், நீர் கலப்பதும், இடம் மாற்றி வைப்பதுமாக இருந்தாள்.

சாயங்கால வெயில் கண்ணாடித் தடுப்பில் விழுந்தபோது மாமனார் மேசைக்கு வந்தார். அன்று மதியம் அவர் வெறும் தயிரும் பழமும்தான் சாப்பிட்டிருந்தார், நாக்கு களைத்துவிடக் கூடாது என்று. ஒவ்வொரு கோப்பையாக எடுத்தார். "மூணு." வெந்நீர். "ஒண்ணு." வெந்நீர். "ரெண்டுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல." ஒரு கோப்பையைக் குடித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தார். விழுங்கியதற்குப் பிறகு வருவதற்காகக் காத்திருக்கிறார் என்று சொட்டுவுக்குத் தெரிந்தது. முதலாளி மிட்டாயைத் துப்பிவிட்டு வந்து நின்றாள்.

"ஒண்ணும் வரல," என்றார் மாமனார்.

"சர்க்கரைத் தண்ணியா இருக்குமோ?" என்று முதலாளி கேட்டாள்.

"சர்க்கரைத் தண்ணி இந்தா இருக்கு, அப்பவே ஒதுக்கிட்டேன். இது இலைதான். இனிப்பு கொஞ்சம் தயங்கி வருது, வந்து நிதானமாப் போகுது. பின்னாடி ஒருத்தனும் வரல."

சொட்டு அந்தக் கோப்பையின் அடியைத் திருப்பிப் பார்த்தாள். ஓட்டத்தின் கடைசியில் எடுத்தது. மற்றவற்றையும் திருப்பினாள். மூன்றும், இரண்டும், ஒன்றும் எடுத்த நேரத்தின்படி படிபோல் இறங்கின, எங்கும் நிற்கவில்லை. அவள் உட்கார்ந்தாள். காலையிலிருந்து உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் கோப்பையில் மிச்சமிருந்த ஒரு வாயைத் தானும் குடித்தாள். வெறும் ஈரம். ஆனாலும் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

*

மாதிரி போனது. பதில் வர நாளாயிற்று; அதற்குள் முதலாளி ஒரு டப்பா மிட்டாயைத் தீர்த்தாள். கடைசியில் கம்பெனியிலிருந்து தொலைபேசி வந்தது. அவர்களுடைய ருசிக்குழு ஏற்றுக்கொண்டது. ஆனால் அனுப்பும் ஒவ்வொரு சரக்கும் இதே மாதிரி இருக்கவேண்டும், ஒரு முறை பிசகினாலும் திருப்பிவிடுவோம் என்றார்கள். முதலாளி போனை வைத்துவிட்டு சொட்டுவைக் கட்டிக்கொண்டாள். பிறகு, "ஒவ்வொண்ணும் இதே மாதிரியாமே, அதுக்கு என்னடி பண்றது?" என்று கேட்டாள்.

சொட்டு அதை முன்பே யோசித்து வைத்திருந்தாள். ஒரு நாக்கை நம்பித் தொழில் நடத்த முடியாது. அதுவும் சளி பிடித்தால் படுத்துக்கொள்கிற நாக்கு. அவள் கூடத்தில் வேலை செய்கிறவர்களையெல்லாம் ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டாள். பொட்டலம் கட்டும் பெண்களில் இரண்டு பேருக்கு அருமையான நாக்கு இருந்தது. அது அவர்களுக்கே தெரியாது. அளவுகோல் கோப்பைகளை வைத்து அவர்களைப் பழக்கினாள். ஃபிட்டரும் ஆசையோடு வந்தான். தேநீரை ஆறவைத்துக் குடிக்கப் பழகிய பிறகு வா என்று திருப்பி அனுப்பினாள்.

மாமனாருக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "நேத்து வந்ததுங்க," என்றார். ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தி, அவர் இரண்டு என்று சொன்னதை இரண்டரை என்று சொன்னபோது, மறுபடி குடித்துப் பார்த்துவிட்டு, "சரிதான்," என்று ஒப்புக்கொண்டார்.

மருத்துவரிடம் இன்னொரு முறை போய்வந்தாள். மாற்றமில்லை. காலையும் மாலையும் நாலு வாசனைப் புட்டிகளை முகர்ந்து பழகச் சொன்னார். அவள் முகர்ந்தாள். அதையும் ஓர் ஓட்டம்போல நினைத்துக்கொண்டாள், கட்டாயப்படுத்தாமல், நிறுத்தாமல். புட்டிகளில் ஒன்றும் வரவில்லை. கணவன் பக்கத்தில் உட்கார்ந்து தானும் முகர்ந்து, இது கிராம்பு, இது எலுமிச்சை என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

முதலாளி ஒருநாள் வேறொரு இலையோடு வந்தாள். "இது சாயத்துக்காம். சூடு பட்டா நிறம் செத்துடுமாம். காய்ச்சாம எடுக்க முடியுமான்னு கேக்கறாங்க."

சொட்டு இலையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நடு நரம்போடு கிழித்து, விரல்களுக்கிடையில் தேய்த்தாள். சிவப்பு ஒட்டிக்கொண்டது, கூடவே பிசுபிசுப்பும்.

"கோந்து ஜாஸ்தி," என்றாள். "ஒரு மூட்டை அனுப்பச் சொல்லு."

பிறகு ஃபிட்டரைக் கூப்பிட்டு, முதல் சவ்வைக் கழற்றிக் கழுவச் சொல்லிவிட்டு, அதற்கு வெந்நீர் போடப் போனாள்.